பங்கு பிரித்த புத்தகங்கள்

மார்ச் 4, செவ்வாய்

மெர்வ் புத்தகங்களின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். நீலம் அவனுக்காம், மஞ்சள் எனக்காம். நான் பல் டாக்டரிடம் போய்விட்டு வருவதற்குள் முதல் அலமாரியை முடித்துவிட்டான். கடையில் ஆப்பிள் மேல் ஒட்டி வருமே, அந்த மாதிரிப் பசை. நூறு வருடத்துக் கன்றுத்தோல் அட்டை மேல்!

ஒரு பக்கம் மரத்துப்போன வாயோடு கத்தினேன். பாதி எச்சிலாகத்தான் வந்தது.

"வாழ்நாள் பூரா அச்சாபீஸ்ல காகிதத்தோட கிடந்தவன்தானே நீ? உனக்கே இது அடுக்குமா?"

"எப்படியும் பிரிக்கத்தானே போறோம் கிளென். எங்கயாவது ஆரம்பிக்கணும்ல."

பிரிக்கப் போகிறோம். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான். ஜனவரியில், அடுப்பில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தபோதும் இதே குரலில்தான் சொன்னான். காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற கேரவன் வீடு வாங்கப் போகிறான், நாட்டைச் சுற்றப் போகிறான். நான் விரும்பினால் கூட வரலாம், புத்தகங்கள் வர முடியாது. நான் வரவில்லை என்றேன். "தெரியும்" என்றான். முப்பத்தாறு வருடக் கல்யாணம் அந்த ஒரு "தெரியும்"-இல் முடிந்தது. அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மார்ச் 5

ஹேர் டிரையரால் சூடுகாட்டி ஸ்டிக்கர்களை உரித்துக்கொண்டிருக்கிறேன். அவனோடு பேச்சு இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மெர்வின் தம்பி நெவிலும் அவன் மனைவி பெரிலும் போர்ட் பிரியிலிருந்து வந்தார்கள், கேரவனைப் பார்க்க. பெரில் வீட்டுக்குள் வந்து அலமாரிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு முறை வரும்போதும் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

"இவ்வளவு இருக்கே, இதுல ஒரு நல்ல கதைப் புத்தகம் உண்டா கிளெனிஸ்?"

"இல்ல. எல்லாம் புத்தகங்களைப் பத்தின புத்தகம். உனக்குத் தெரியும் பெரில்."

"புத்தகத்தப் பத்திப் புத்தகம்! அப்ப சாப்பாட்டப் பத்தி யோசிச்சே வயித்த ரொப்பிக்கலாமே."

நெவில் மூக்கால் சிரித்தான். மெர்வும் சிரித்தான். மெர்வ்! இந்த அலமாரியில் பாதியை என்னோடு சேர்ந்து ஏலத்திலும் மழையிலும் பொறுக்கியவன் சிரிக்கிறான்.

அவளுக்கான பதிலை இங்கே சொல்கிறேன். டெரோவிக்கு அப்பால் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவள் நான். புத்தகம் ரயிலில் பெட்டியாக வரும், நகரத்து நூலகத்திலிருந்து. பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: உள்ளே என்னென்ன, இதற்கு முன்பு பெட்டி எந்தெந்த ஊர்களுக்குப் போனது. என் அண்ணன்மார் புத்தகங்களை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். நான் மூடியைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யார் அடுக்கினார்கள்? ஏன் இந்தப் புத்தகத்தின் பக்கத்தில் அது? போன ஊரில் யார் அழுதுகொண்டே படித்து இந்தப் பக்கத்தை நனைத்தார்கள்? அப்பா திட்டுவார், "புத்தகத்த விட்டுட்டுப் பெட்டியப் படிக்குது பாரு" என்று.

அப்போது ஆரம்பித்தது. பள்ளி நூலகராக வேலை பார்த்த காலம் முழுவதும் ஒரு சம்பளம்கூட இதற்குத் தப்பியதில்லை. அட்டை கட்டுகிறவர்கள், அச்சடிக்கிறவர்கள், திருடுகிறவர்கள், எரித்தவர்கள், எரியும்போது ஓடிப்போய்க் காப்பாற்றியவர்கள். ஒரு புத்தகம் ஒருவர் கைக்கு வந்து சேர எத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கதை. பெரிலுக்கு இது புரியாது. புரியவும் வேண்டாம்.

மார்ச் 15, சனி

பங்கு பிரித்தாயிற்று.

கெரென்சா அடிலெய்டிலிருந்து வந்தாள். எங்கள் ஒரே மகள், டிராம் ஓட்டுகிறாள். நடுவராக இருக்கச் சொல்லி இரண்டு பேருமே கூப்பிட்டிருந்தோம். நாங்கள் இந்த மாதம் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. ஆளுக்கொன்றாக மாற்றி மாற்றி எடுக்க வேண்டும் என்பது வக்கீல் சொன்ன வழி. பள்ளி மைதானத்தில் இரண்டு கட்சி பிரிப்பதுபோல.

காசைச் சுண்டினாள். மெர்வ் ஜெயித்தான்.

நேராக நடந்துபோய் எதை எடுத்தான்? கப்பல் புத்தகத்தை! இந்த நாட்டுக்குக் குடியேற வந்தவர்களின் கப்பல்களில் என்னென்ன புத்தகங்கள் வந்தன என்று ஒரு பாதிரியாரின் விதவை எழுதிய மெல்லிய நூல். நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். அவன் பக்கத்தில்தானே படுத்திருந்தான்.

"உனக்கு எதுக்கு அது? நீ திறந்துகூடப் பார்த்ததில்லையே."

"இனிமே பாக்கறேன். கேரவன்ல பொழுது போகணும்ல."

அப்படியா சேதி? நான் அவனுடைய அச்செழுத்து மாதிரி நூலை எடுத்தேன். எப்போதோ மூடிப்போன ஒரு அச்செழுத்து வார்ப்பாலை தன் எழுத்துகளையெல்லாம் அச்சிட்டுக் காட்டிய பெரிய புத்தகம். அச்சாபீஸிலிருந்து களைத்து வருகிற நாட்களில் அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் முகம் வெளுத்தது. எனக்கு நன்றாக இருந்தது.

அவன் சிறைச்சாலை நூலகங்களை எடுத்தான். நான் காகித ஆலைகளை எடுத்தேன். அவன் புத்தகத் திருடர்களை எடுத்தான். நான் மை காய்ச்சும் முறைகளை எடுத்தேன், எனக்கு மையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நான்கு தொகுதி நூலைக்கூட விடவில்லை: ஒன்றும் மூன்றும் அவனுக்கு, இரண்டும் நான்கும் எனக்கு. தொகுதியை உடைக்கிற ஜென்மங்களை வாழ்நாள் முழுவதும் திட்டியவள் நான்.

கெரென்சா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நிறுத்தத்தின் பெயரை அறிவிப்பதுபோல: "அப்பா. அம்மா. அப்பா. அம்மா." மதியத்துக்குள் அவள் தொண்டை கட்டிவிட்டது. திடீரென்று எழுந்தாள்.

"போதும். உங்களுக்குப் பிடிச்சது பூரா அப்பா பெட்டியில. அப்பாவுக்குப் பிடிச்சது பூரா உங்க பெட்டியில. கண்ணு தெரியுதா ரெண்டு பேருக்கும்?"

"ரூல்னா ரூல்தான்மா" என்றான் மெர்வ்.

"சரி, அப்ப எனக்கும் ஒரு சுத்து குடுங்க. நான் இந்த ரூமை எடுத்துக்கறேன்."

நான் சிரித்தேன். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"சிரிக்காதீங்கம்மா. வீட்லயே குளுகுளுன்னு இருக்கிற ரூம் இது. புத்தகத்துக்குச் சூடு ஆகாதுன்னு இதுக்குக் குடுத்தீங்க. நான் வராண்டாவுல தகரத் தடுப்புக்குள்ள படுத்தேன். ஜனவரி மாசக் கோடையில! எனக்கு மட்டும் சூடு ஆகுமா?"

அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மிச்சமிருந்த கடைசி அலமாரியையும் நாங்கள் பிரித்தோம்.

மார்ச் 16

அது தெற்குப் பக்கத்து அறை, இந்த நாட்டில் சூரியன் வடக்கே போகும். வெயில் படாது. புத்தகத்துக்கு அதுதான் சரி. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மாட்டார்களா? வராண்டாவில் நல்ல காற்று வரும். ஃபேன்கூட வாங்கிக் கொடுத்தோமே. எந்த வருடம் வாங்கிக் கொடுத்தோம்?

இதைப்போய் இத்தனை வருடம் மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மார்ச் 29, சனி

போய்விட்டான். கேரவன் குப்பைத்தொட்டி மாதிரி ஒரு அழுக்கு வெள்ளை. அவன் பெட்டிகள் எல்லாம் நெவிலின் வண்டியில் ஏறிப் போர்ட் பிரிக்குப் போயின, அவர்கள் வீட்டுப் பின்னாலிருக்கும் கொட்டகைக்கு. கேரவனில் படிக்கப் போகிறானாம்! கப்பல் புத்தகமும் பெட்டிக்குள்தான் போயிற்று. என் கண் முன்னால்தான் டேப் ஒட்டினான்.

"பாத்துக்க கிளென்" என்றான்.

எதைப் பார்த்துக்கொள்ள? பாதி காலியான அலமாரிகளையா?

ஏப்ரல் 18, புனித வெள்ளி

புனித வெள்ளிக்குத் தின்னும் சிலுவை போட்ட இனிப்பு ரொட்டியைக் கடையில் ஆறாகத்தான் தருகிறார்கள். ஒருத்திக்கு எதற்கு ஆறு? கடைக்காரியோடு சண்டை. வாங்கி வந்து மூன்றைத் தின்றேன், பிடிவாதத்துக்காக.

எழுத்து மாதிரி நூலை முதல் முறையாக ஒழுங்காகத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வாக்கியம், எழுத்து மட்டும் சிறியதாகிக்கொண்டே போகிறது. கடைசியில் எறும்பு ஊர்வதுபோல, ஆனாலும் படிக்க முடிகிறது. அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதற்காகவும் அவன்மேல் கோபம் வருகிறது.

கெரென்சாவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. டிராமில் இருப்பாள்.

மே 2

எடுக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

பெரில் கூப்பிட்டாள். என் எண் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"உங்க ரெண்டு பேர் குப்பையால எங்க கொட்டகை முழுக்க எலி. மெர்வ் எங்கயோ பாலைவனத்துல இருக்காரு, போன் போக மாட்டேங்குது. நீ என்ன பண்ணப் போற?"

"புத்தகத்த எலி கடிச்சிருக்கா?"

"நான் என்ன எண்ணிட்டா இருக்கேன்? கூரை வேற ஒழுகுது."

ஒழுகுது. எவ்வளவு சாவகாசமாகச் சொல்கிறாள்!

ஜூன் 20, வெள்ளி

எலி நாற்றம் கையைவிட்டுப் போகவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையிலேயே போர்ட் பிரிக்குப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. கொட்டகை பூட்டியிருக்கவில்லை. உள்ளே போனதும் நாற்றம். மேலே இருந்த பெட்டி ஈரத்தில் ஊதிப்போய்க் கிடந்தது. பிரித்தேன். கப்பல் புத்தகத்தின் ஒரு மூலையை எலி சுரண்டித் தின்று, பக்கத்தில் அந்தத் துகளாலேயே கூடு கட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. காரின் பின்கதவைத் திறந்து பெட்டிகளை ஏற்ற ஆரம்பித்தேன்.

முக்கால்வாசி ஏற்றியபோது பெரில் கடையிலிருந்து வந்தாள். "திருடி!" என்றாள். நான் "எலிக்குச் சோறு போடறவளே!" என்றேன். அவள் போலீஸைக் கூப்பிட்டாள். எங்கேயும் ஓடவில்லை நான், ஏற்றிக்கொண்டேதான் இருந்தேன்.

வந்தவன் ப்ரோடி. நான் நூலகராக இருந்த எங்கள் ஊர் பர்ரா பள்ளியில் படித்தவன். இப்போது தாடி, இடுப்பில் துப்பாக்கி.

"மிஸஸ் பென்ஹால், அந்தப் பெட்டியைக் கீழ வைங்க."

"ப்ரோடி, இது நனைஞ்சு போயிருக்கு. இன்னைக்கே காய வைக்கணும்."

"இது யாரோடது?"

"என் புருஷனோடது. மாஜி புருஷனோடது. வக்கீல் பேப்பர்படி அவனோடது."

"அப்ப நீங்க எடுக்கக் கூடாதுல்ல?" கொஞ்சம் சிரித்தான். "எட்டாம் கிளாஸ்ல நான் ஒரு புத்தகத்தச் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டுபோனேன்னு ஒரு டெர்ம் பூரா என்னை லைப்ரரிக்குள்ளயே விடல நீங்க."

அவனே மெர்வை போனில் பிடித்தான். எத்தனை முறை அடித்தானோ, ஒருவழியாகக் கிடைத்தான். ஸ்பீக்கரில் போட்டான். பின்னால் காற்று இரைந்தது.

"மெர்வ், எலி கடிக்குது! மழை ஒழுகுது! நான் காய வச்சித் தர்றேன், அவ்வளவுதான் கேக்கறேன்."



"அதுல அவ கை வைக்கக் கூடாது" என்றான். என்னிடம் அல்ல, ப்ரோடியிடம். "எல்லாத்தையும் இருந்த எடத்துல வைக்கச் சொல்லுங்க."

வைத்தேன். ஒவ்வொன்றாக. பெரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ப்ரோடி கடைசிப் பெட்டிகளைத் தானே தூக்கினான், பிறகு தன் வண்டியிலிருந்து ஒரு தார்ப்பாய் எடுத்து வந்து மேலே போர்த்தினான். அந்தத் தார்ப்பாய்க்காக அவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். 

ஜூன் 21

அவன் சாகட்டும். இல்லை, சாக வேண்டாம். அவன் கேரவன் ஒழுகட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

கெரென்சா கூப்பிட்டாள். மார்ச்சுக்குப் பிறகு முதல் முறை. போலீஸ் விஷயம் பெரில் மூலமாக அவள் காதுக்குப் போயிருக்கிறது.

"அப்பாகிட்டப் பேசினேன். எனக்குக் குடுங்கன்னேன். உனக்குன்னா எடுத்துக்கன்னாரு. நேத்து டிப்போல ஒரு ஆளோட வேன வாங்கிட்டுப் போய் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டேன். எலி கடிச்சதையெல்லாம் உறை போட்டு ஃப்ரீசர்ல வச்சிருக்கேன். பூச்சி செத்துடும்ல?"

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நல்ல வேலை செஞ்சம்மா. எப்ப இங்க கொண்டு வர்ற?"

"அங்க வராது."

"என்னது?"

"என்னோடதும்மா இப்ப. என் வீட்ல இருக்கும்."

"உனக்குப் புத்தகம்னாலே பிடிக்காதே!"

"பிடிக்காதுதான். எனக்கும் அதுங்களுக்கும் தனியா ஒரு வழக்கு இருக்கு." பிறகு, என் பள்ளிக் குரலில் — அச்சு அசல் என் குரல் — "ஞாயித்துக்கிழமை பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் திறந்திருக்கும். பென்சில் மட்டும்தான் அனுமதி. டீ உள்ள கொண்டு போகக் கூடாது."

போனை வைத்துவிட்டேன். என்ன திமிர்! யாரிடமிருந்து வந்தது இது?

ஜூலை 13

போகமாட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

போனேன்.

அடிலெய்டில், மைல் எண்ட் பக்கம், ரயில் தண்டவாளத்தை ஒட்டிச் சின்ன வீடு. அவள் குடிவந்த நாளில் ஒரு முறை எட்டிப் பார்த்தது. கதவைத் திறந்து, கையால் வழி காட்டினாள், அவ்வளவுதான். முன்னறையில் தரையெல்லாம் பெட்டி. நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். சிறைச்சாலை நூலகங்கள் தப்பித்துவிட்டன. திருடர்கள் கொஞ்சம் வீங்கியிருக்கிறார்கள். சமையலறையில் ரேடியோ, பாத்திரச் சத்தம். அவள் உள்ளே வரவில்லை, நான் வெளியே போகவில்லை.

"நாலு ஆச்சு" என்று வாசலில் நின்று சொன்னாள்.

"இந்த ஒரு பெட்டி..."

"நாலு ஆச்சும்மா."

பெற்ற தாயை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அலமாரி வாங்கி அடுக்கியிருக்கிறாள். எப்படி? உயரப்படி! குட்டையிலிருந்து நெட்டை வரை, பள்ளிக்கூடத்துப் போட்டோ மாதிரி. சிறைச்சாலை பக்கத்தில் அட்டை கட்டுகிறவர்கள், அவர்கள் பக்கத்தில் திருடர்கள். நான் பேசாமல் எடுத்துச் சரியாக அடுக்க ஆரம்பித்தேன். வந்து பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"ஒழுங்கு பண்றேன்."

"என் வீடு. என் அலமாரி. உயரப்படிதான் இருக்கும்."

"கெரென்சா, பொருள்படி அடுக்கலேன்னா நாளைக்கு உனக்கே ஒண்ணும் கிடைக்காது!"

"நான் எதையும் தேடலையே! நீங்கதான தேடறீங்க?"

அண்டை வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குக் கத்தினோம். கடைசியில் நான் மாற்றியதையெல்லாம் அவள் திரும்ப உயரப்படி வைத்தாள். ஒரு புத்தகத்தைக்கூடக் கடாசவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத்தான் வைத்தாள். கவனித்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சமையலறை மேசையில் கப்பல் புத்தகம் இருந்தது. நடுவில் டிராம் டிக்கெட்டைச் செருகியிருக்கிறாள்.

"படிக்கிறியா?"

"போரடிக்குது."

"போரா?" நான் நின்றபடியே ஆரம்பித்துவிட்டேன். அவள் விடவில்லை. பட்டியல் பட்டியலாகப் போகிறதாம், அந்த விதவைக்குக் கதை சொல்லத் தெரியவில்லையாம். "ஆனா காய்ச்சல்ல கிடந்த பொண்ணு, பெட்டியில இருந்த ஒரே புத்தகத்த யாராவது வாசிச்சுக் காட்டச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டா பாருங்க, வாசிக்கிற ஆளு மாறிக்கிட்டே இருக்கான்... அது மட்டும் பரவாயில்ல."

"பரவாயில்லையா? அதுதான் இந்தப் புத்தகத்துக்கு உயிரே!"

"அதுக்கு முன்னாடி அறுபது பக்கம் எதுக்கு?"

அந்த அறுபது பக்கம் எதற்கு என்று நான் விளக்கினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாலு ஆச்சு என்று அவள் சொல்லவில்லை.

செப்டம்பர் 9

தபால்பெட்டிக்குப் போகும்போது கூடு காக்கிற மேக்பை பறவை கொத்திவிட்டது. தலையில் ரத்தம். இந்த மாதம் வந்தால் இந்தப் பறவைகளுக்கும் என்னைப் பிடிக்காது.

மெர்வ் வடமேற்குக் கடலோரத்து ப்ரூமிலிருந்து கூப்பிட்டான். எழுத்து மாதிரி நூல் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டான். அதுல நீ கை வைக்கக் கூடாது என்றேன். போனை வைத்துவிட்டேன். இன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

கெரென்சா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் கார்த் என்று ஒருத்தன். தன் மீன்பிடி படகை டிரெய்லரோடு கொண்டுவந்து இவள் கார் வெளியே வருகிற வழியில் நிறுத்தியிருக்கிறான். நேற்று விடியற்காலை ஷிஃப்டுக்கு இவள் டாக்ஸி பிடித்துப் போயிருக்கிறாள். நான் போய் இறங்கியபோது வேலியருகே நின்று மெதுவாக அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை, படகைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு ரெண்டு நாள்தானம்மா, என்ன குடியா முழுகிடுச்சு?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "யோவ்! அவ பேசறா, அவ மூஞ்சியப் பாத்துப் பேசு!"

"இது யாரு?"

"எங்க அம்மா" என்றாள் கெரென்சா.

"உங்க அம்மாவ உள்ள போகச் சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்" என்றாள். "படகை எடுங்க."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டோம். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் அவள் தொடர்ந்தாள். அவள் சொல் தேடினால் நான் எடுத்துக்கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நகராட்சி, போலீஸ், அவன் பெண்டாட்டி, அவன் படகுக்கு வைத்திருக்கும் அசிங்கமான பேர், ஒன்றையும் விடவில்லை. கார்த் குழாயை மூடிவிட்டுப் படகை இழுத்துக்கொண்டு போனான். போகும்போது "ரெண்டும் ஒரே அச்சு" என்று முனகினான். அவளுக்கும் கேட்டது.

உள்ளே வந்து அவள் பாஸ்டி சுட ஆரம்பித்தாள், கறியையும் கிழங்கையும் மாவுக்குள் மடித்துச் சுடுகிற பண்டம். டர்னிப் போதவில்லை, மாவு தடிமன், சொன்னேன். "அப்ப நீங்க பண்ணுங்க" என்று மாவை என் பக்கம் தள்ளினாள். மாவைத் திரட்டியபடியே கார்த் எப்படி நின்றான் என்று அவள் நடித்துக் காட்ட, எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவள் முதுகில் தட்டினாள். டிப்போவில் அவளைப் பதவி உயர்த்தாமல் இழுத்தடிக்கும் ஒருத்தனைப் பற்றிச் சொன்னாள். அவன் பெயரை இரண்டு முறை கேட்டு மனதில் குறித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அவளுக்கு வேலை, அதனால் சனிக்கிழமையே வந்து ராத்திரி தங்கச் சொல்லியிருக்கிறாள். வராண்டா இல்லை, பயப்படாதீங்க என்றாள்.  தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பும்போது சேடில்வர்த் தாண்டி, கடுகு மாதிரி மஞ்சளாகப் பூக்கும் கனோலா வயல் பக்கம் வந்தபோதுதான் உறைத்தது. இன்றைக்கு நான் புத்தகங்கள் இருக்கிற முன்னறைக்குள் போகவே இல்லை.

வண்டியைத் திருப்பவில்லை.